இடுப்பளவுக் கடல்

விலங்கியல் பாடப்புத்தகத்தில் உலகத்தின் மொத்தக் கடலும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இடது ஓரத்தில் கரை. அங்கிருந்து கண்டத்திட்டு, சரிவு, ஆழ்கடல் சமவெளி, கடைசியில் குத்துச்செங்குத்தாக இறங்கும் அகழி. பக்கவாட்டில் மீட்டர் கணக்கு. 200 மீட்டர் வரை வெளிச்சம், 1,000 மீட்டர் வரை அந்தி, அதற்குக் கீழே என்றைக்கும் இரவு. இந்தப் படத்தைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பத்துத் தடவையாவது வரைந்திருப்பேன். ஐந்து மதிப்பெண். கரைக்கும் கடலுக்கும் நடுவே கழிமுகத்துக்கென்று ஒரு சின்ன நெளிவு போட வேண்டும். அதற்குள் பெயர் எழுத இடம் போதாது. அம்புக்குறி போட்டு வெளியே எழுதுவோம். அந்த நெளிவுக்குள் இறங்கித்தான் என் படிப்பில் பெரும்பகுதி நடந்தது. நானாகத் தேர்ந்தெடுத்த இடமில்லை அது.

நான் பிறந்து வளர்ந்தது கும்மிடிப்பூண்டியில். அப்பா சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். எங்கள் தெருவுக்குக் கடல் வாசனை கிடையாது. ஆலைப் புகையும், கொடியில் காயும் துணியில் படியும் கரியும்தான். ஆனால் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பழவேற்காடு ஏரி. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் சரிந்து கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அம்மாவைப் பெற்ற ஆயா அந்த ஏரிக்கரைக்காரி. அவள் கருவாட்டுக் கூடையோடு பொன்னேரியில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவாள். ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தாலும் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது. கடலைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது ஆயாவின் முந்தானை வாசனையும், அந்த வாசனைக்காக அவளை விட்டு நகர்ந்து உட்கார்ந்தவர்களின் முகமும்தான்.

முதுகலையில் கள ஆய்வு வந்தது. எங்கள் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். மாணவர்களுக்குப் படகு. கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போய், வலைத்துணியால் மிதவை உயிரிகளை அரித்தெடுத்து வர வேண்டும். மாணவிகளுக்குக் கரையோரச் சேறு. காரணங்கள் வரிசையாக வந்தன. பாதுகாப்பு இல்லை. படகில் கழிப்பறை இல்லை. பெண்கள் ஏறினால் படகுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ‘அந்த நாட்களாக’ இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு ஆசிரியர் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார். ஒரு காரணத்துக்குப் பதில் சொன்னால் அடுத்தது தயாராக இருந்தது. யாரும் எங்களிடம் கத்தவில்லை. எல்லோரும் எங்கள் மேல் அக்கறையோடுதான் பேசினார்கள்.

மேரி தார்ப் என்ற பெயரை அப்போது நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிலவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஆய்வுக்கப்பலில் பெண்களை ஏற்றாத காலம் அது. ஆண்கள் கடலுக்குப் போய் ஆழம் அளந்து எண்களைக் கொண்டுவருவார்கள். தார்ப் மேசையில் உட்கார்ந்து அந்த எண்களை மலையாகவும் பள்ளமாகவும் வரைவார். அப்படி வரைந்தபோதுதான் 1950களின் தொடக்கத்தில், அட்லாண்டிக் கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீளமான பிளவு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். கடலடித் தரை விரிகிறது, கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்துக்கு வலுவான சான்று அது. கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பிறகு அவரே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இருவரும் சேர்ந்து செய்த உலகக் கடலடி வரைபடம் 1977இல் வெளியானது. இன்று எந்தப் பள்ளிச் சுவரில் கடலடி வரைபடம் தொங்கினாலும் அதன் வேர் அந்தப் பெண்ணின் மேசையில் இருக்கிறது. கப்பலேற அவருக்கு 1960களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்களுக்குச் சேறு கிடைத்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அதற்காக அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லும் உத்தேசம் எனக்கில்லை.

பழவேற்காடு ஏரி பெரியது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்கள். பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆனால் பல இடங்களில் ஆழம் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. டச்சுக்காரர்கள் 1613இல் இதன் கரையில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களின் கல்லறைகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். வண்டியில் வந்து, மண்டையோடு செதுக்கிய கல்லைப் படமெடுத்து, இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இறாலைப் பிடித்தவர்களில் சிலர் சற்றுத் தள்ளிக் கழுத்தளவுத் தண்ணீரில் குந்திக்கொண்டிருப்பார்கள். தலை மட்டும்தான் தெரியும்.

நான் முதலில் பார்த்ததும் தலைகளைத்தான். ஐந்தாறு பெண்கள், இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் இரண்டு கையாலும் தரையைத் தடவியபடி முழங்காலில் ஊர்ந்து நகர்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கையில் இறால் தட்டினால் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போட வேண்டும். பறி வாயில் இருப்பதால் பேச முடியாது. நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் பேச்சே இல்லாமல் வேலை நடக்கும். கரையேறி, பறியைக் கீழே வைத்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அவர்களில் ஒருவர் எனக்கு அக்கா ஆனார். இன்றும் அக்காதான். என் மாதிரிச் சேற்றைப் பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, சல்லடையில் அலசி, புழுக்களை எண்ணிக்கொண்டிருந்ததை அரைநாள் வேடிக்கை பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, கொயம்பு வைக்கப் போறியா?” என்று கேட்டவர். மறுநாள் என்னைத் தண்ணீருக்குள் இறக்கி, “கண்ண மூடிக்கோ. கைய வச்சுப் பாரு” என்றார்.

கண்ணை மூடினால் தரை வேறு வேறாக இருந்தது. ஓரிடம் கூழ் போல விரலை உள்ளே வாங்கியது. இரண்டடி தள்ளி மணல் கலந்து நறநறவென்று இருந்தது. அதற்கப்பால் செத்த சிப்பி ஓடுகள். அப்புறம் மயிர் போல வழுக்கும் கடற்புல். எந்தத் தரையில் எது இருக்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். மணல் கலந்த இடத்தில் கிழங்கான். கூழ்ச்சேற்றில் இறால் புதைந்திருக்கும். அதன் மேல் கை மெதுவாகப் போக வேண்டும். சின்னதாக ஒரு குழி தெரிந்து ஓரம் வழவழவென்று இருந்தால் நண்டு உள்ளே இருக்கிறது. கெளுத்தியின் முள் எப்படிக் குத்தும், திருக்கை படுத்திருக்கும் இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் ஏன் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பதும் அன்றைய பாடத்தில் உண்டு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறும், எத்தனை நாழிகையில் இறங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கேட்காமலே தெரியும். நான் மூன்று மாதம் சல்லடையில் அலசிப் போட்ட அட்டவணையும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. நான் தரையின் மணல் விகிதத்தையும் கரிமப் பொருளையும் எண்ணாக எழுதினேன் என்பதுதான் வித்தியாசம்.

இறாலின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற பலருக்கும் தெரியாத கதை. வெள்ளை இறால் ஏரியில் பிறப்பதில்லை. தாய் இறால் வெளியே கடலில் லட்சக்கணக்கில் முட்டை விடும். ஒரு நாளுக்குள் பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மிதந்து, உருவத்தை மூன்று நான்கு முறை மாற்றிக்கொண்டு, இரண்டு வாரம் போல ஆகும்போது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்திருக்கும். அப்போது ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். ஏரியில் சில மாதம் சேற்றைத் தின்று வளர்ந்து, பருவத்துக்கு வரும் முன் திரும்பக் கடலுக்குப் போகும். சேற்று நண்டில் இன்னொரு விதம். இணை சேர்ந்த பிறகு பெண் நண்டு மட்டும் முட்டையிடக் கடலுக்குக் கிளம்பும். ஆண் நண்டு ஏரியோரத்திலேயே இருந்துகொள்ளும். இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். அதனால் அந்த வரி வரும்போது நானும் கொஞ்சம் நிறுத்திச் சொல்வேன்.

பாடப்புத்தகப் படத்தில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் இரண்டு இடங்களை இறாலின் ஒரே உடம்பு ஒரே ஆயுளில் வாழ்ந்து முடிக்கிறது. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் ஏரியில் இறால் இல்லை என்பதோடு போகாது. அடுத்த பருவத்தில் கடலிலும் குறையும். கடலுக்குப் படகில் போகிறவரும் ஏரியில் கையால் தடவுகிறவரும் ஒரே இறாலின் இரண்டு வயதைத்தான் பிடிக்கிறார்கள். அவருக்கு மீனவர் என்று பெயர். இவளை “இறால் பொறுக்குறவ” என்பார்கள்.

இறால் பண்ணைகள் வந்த பிறகு இந்த ஆயுளைத் தொட்டிக்குள் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். பொரிப்பகங்களில் பெண் இறால் சீக்கிரம் முட்டைக்கு வருவதற்காக அதன் ஒரு கண்ணின் காம்பை நசுக்கியோ வெட்டியோ விடுவது நெடுநாள் வழக்கம். முதிர்ச்சியைத் தடுத்து வைக்கும் ஹார்மோன் அந்தக் கண்காம்பில் சுரக்கிறது. இதைப் பெண்ணியக் கட்டுரையில் உவமையாக வைத்துவிடும் ஆசை எனக்கு வராமல் இல்லை. வேண்டாம். இறாலின் கண் இறாலுடையது. அந்தத் தாய் இறாலுக்கு ஊட்டமான தீனியாகக் கொடுப்பது சேற்றுப் புழுக்களை. அவை எண்ணூர், பழவேற்காட்டுச் சேற்றிலிருந்து தோண்டப்பட்டுப் பொரிப்பகங்களுக்குப் போயின. சேற்றுக்குள் காற்றோட்டம் விடுவது அந்தப் புழுக்களின் வளைகள்தான். தோண்டுகிறவருக்கு அன்றைக்குக் கூலி கிடைக்கும்; பிறகு அந்த இடத்தில் இறால் தங்காது. இதை எனக்கு விளக்கியவரும் அக்காதான்.

சேற்றின் மேல்தோல் பழுப்பு நிறத்தில் ஒரு விரற்கடை இருக்கும். அதைக் கீறினால் உள்ளே மைக்கறுப்பு. குப்பென்று அழுகின முட்டை வாடை வரும். முதல் வாரம் எனக்குக் குமட்டியது. வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகத்தடியில் அந்த வாடை நிற்கும். பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தபோது ஆயாவை நினைத்துக்கொண்டேன். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் மட்கும் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் விடும் வாயு.

இதே வாடையை உலகத்தின் மறுகோடியில் சிலர் முகர்ந்தார்கள். 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, 2,500 மீட்டர் ஆழத்தில், தார்ப் வரைந்த வகையான கடலடிப் பிளவு ஒன்றை ‘ஆல்வின்’ நீர்மூழ்கியில் போய்ப் பார்த்தார்கள். வெந்நீர் ஊற்றைத் தேடிப் போனவர்கள் அவர்கள். எல்லோரும் நிலவியல், வேதியியல் ஆட்கள். உயிரியல் படித்தவர் ஒருவரும் கப்பலில் இல்லை. வெளிச்சமே போகாத அந்த ஆழத்தில் உயிர் இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? அங்கே கூட்டம் கூட்டமாகச் சிப்பிகள், நண்டுகள், ஆளுயரத்துக்கு நிற்கும் சிவப்பு நுனிக் குழாய்ப்புழுக்கள். எடுத்து வந்த தண்ணீர்க் குப்பியைத் திறந்ததும் கப்பல் முழுக்க அழுகின முட்டை வாடை. மாதிரிகளைப் பதப்படுத்தச் சரியான திரவம் போதாமல் வோட்காவில் போட்டு வைத்தார்களாம்.

அந்தக் குழாய்ப்புழுவுக்கு வாய் இல்லை, குடல் இல்லை. எப்படிச் சாப்பிடுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1980இல் ஹார்வர்டில் ஒரு சொற்பொழிவு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் புழு நிபுணர் மெரிடித் ஜோன்ஸ், புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் கிடந்ததைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த முதலாண்டு ஆய்வு மாணவி கொலீன் கவனா எழுந்து நின்று, புழுவுக்குள் கந்தகத்தை எரித்து உணவு சமைக்கும் பாக்டீரியா குடியிருக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு சான்றோடு கட்டுரை வெளியானது. சூரியனே இல்லாமல் ஓர் உலகம் சாப்பிடுகிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. இந்த ஏற்பாடு ஆழ்கடலுக்கு மட்டும் உரியதாக இருக்காது என்று யோசித்து, கரையோரச் சேற்றில், கடற்புல் படுகையில் வாழும் சிப்பிகளில் தேடினார். அங்கேயும் இருந்தது. முட்டை வாடை அடிக்கும் சேறு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதைத் தேடலாம் என்றானது.

இதைப் படித்த அன்றைக்கு ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தேன். சாயங்காலம் அக்காவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன். கடலுக்கு அடியில், வெளிச்சமில்லாத இடத்திலும் நம்ம சேற்று வாடைதான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, “அங்கயும் பொம்பளைங்கதான் எறங்குறாங்களா?” என்று கேட்டார்.

சில இடங்களில் இறங்குகிறார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். பவளப்பாறைக் கடல். எங்கள் கலங்கல் தண்ணீரைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தெளிவு நம்ப முடியாததாக இருக்கும். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும்; சேறு படிந்தால் மூச்சுமுட்டிச் சாகும். அங்கே பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவித்த பிறகு, தலைமுறையாகப் போன தீவுக்குப் போவதே குற்றமாகிவிட்டது. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, கையால் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு இல்லாதவர். விருதுப் பணத்தை ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

பாசி என்றதும் கேத்லீன் ட்ரூ-பேக்கரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1928இல் திருமணம் செய்துகொண்டார். மணமான பெண்ணுக்கு அங்கே வேலை கிடையாது என்பதால் வேலை போயிற்று. சம்பளமில்லாமல் ஆய்வைத் தொடர்ந்தார். கடற்கரைச் சிவப்புப் பாசி ஒன்று கோடையில் காணாமல் போய்க் குளிர்காலத்தில் திரும்ப வருவது எப்படி என்பதுதான் கேள்வி. அது இடைப்பட்ட மாதங்களில் சிப்பி ஓட்டுக்குள் இளஞ்சிவப்பு நூல் போல வேறு உருவில் ஒளிந்திருக்கிறது என்று 1949இல் காட்டினார். ஜப்பானில் நோரி பாசி விளைச்சல் படுத்துப்போயிருந்த சமயம் அது. அங்குள்ள ஆய்வாளர்கள் இதை வைத்துச் சிப்பி ஓட்டில் விதைப்பாசி வளர்க்கக் கற்றார்கள். நோரித் தொழில் எழுந்தது. குமமோட்டோ பகுதியில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி ‘கடல் அன்னை’ என்கிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் கூடுகிறார்கள். அவர் ஜப்பானைப் பார்த்ததே இல்லை. அன்னை என்று சிலை வைப்பதைவிட 1928இல் சம்பளம் கொடுத்திருக்கலாம். சிலை வைத்தவர்கள் வேறு, சம்பளத்தை நிறுத்தியவர்கள் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் கேட்ட ஒரு வாக்கியம். எங்கள் பக்கத்தில் வரவிருந்த ஒரு தொழில் திட்டத்தைப் பற்றிய கூட்டம். மேடையில் இருந்த ஒருவர் மிகப் பொறுமையாக விளக்கினார்: “கடல் ரொம்பப் பெரியதம்மா. இங்க கொஞ்சம் தொந்தரவு இருந்தா மீன் வேற இடத்துக்கு நகர்ந்துடும்.” அடுத்த வாக்கியம் பெண்களுக்கானது: “நீங்களும் எத்தனை நாளைக்குச் சேத்துலயே இருப்பீங்க? சிப்காட்ல வேலை இருக்கு.”

கடல் பெரியது. சராசரி ஆழமே 3,700 மீட்டருக்கு அருகில். ஆனால் அதில் எந்த உயிரும் ‘கடலில்’ வாழ்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. மன்னார் வளைகுடாப் பவளம் எங்கள் ஏரியில் ஒரு வாரம் தாங்காது. எங்கள் சேற்று நண்டு பவளப்பாறையில் வளை தோண்ட முடியாது. வெந்நீர் ஊற்றின் குழாய்ப்புழு அந்த ஊற்று அணைந்தால் அங்கேயே சாகிறது. நடந்து அடுத்த ஊற்றுக்குப் போவதில்லை. ஆழத்தில் முந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீரின் ஓரத்தில் உயிர் இருக்கிறதே என்று, எண்ணூர்க் கழிவெளியில் அனல் மின் நிலைய வெந்நீரை விட்டால் இறால் பழகிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அந்தப் புழுவின் பின்னால் நெடுங்காலப் பழக்கம் இருக்கிறது. எங்கள் இறாலுக்கு ஒரு கோடை கூடக் கொடுக்கவில்லை.

கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் தெற்கேயிருந்து ஒவ்வொன்றாக நடந்ததை அக்கா போன்றவர்கள் கையால் அறிந்தார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் குழாய் ஒழுகி ஆற்றில் படிந்த இடத்தில் தரை சிமெண்டுப் பால் போல இருக்கும். அங்கே கைக்கு எதுவும் தட்டாது. 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய். வெண்கண்டல் மரங்களின் தண்டில் தண்ணீர் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது.

இப்போது காக்கா ஆழி. தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த சின்னக் கறுப்புச் சிப்பி. கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் சுமந்து வரும் நிலைநீரிலோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, தரை முழுக்கக் கம்பளம் விரித்தது போல மூடிவிடுகிறது. அதன் கீழே சேறு மூச்சு விடாது, இறால் புதைய இடமில்லை. வலை போடுகிறவருக்கு வலை கிழியும். கையால் தடவுகிறவருக்குக் கை கிழியும். அக்காவின் உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். பழையது ஆறும் முன் புதியது. எண்ணூரில் இது மூடிய பிறகு அங்கிருந்த பெண்கள் வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் வரத் தொடங்கினார்கள். “மீனு நகரலை பாப்பா, நாங்கதான் நகர்றோம்” என்றார் அக்கா. காக்கா ஆழியும் வடக்கே வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கிடையில்தான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 6,100 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம், அதில் ஒரு பகுதிக்குக் கடலையே மண்ணிட்டு நிரப்புவது. கரையோரக் கிராமங்கள் பல ஆண்டுகளாக எதிர்க்கின்றன. முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பெண்கள். புகைப்படத்திலும் அவர்கள்தான். பேச்சுவார்த்தைக்கு என்று உள்ளே அழைக்கும்போது ஆண்கள் எழுந்து போவதையும் பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கும் ஒரு நியாய முறை உண்டு. பாடு என்பார்கள். எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று கிராமங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. பொதுச்சொத்தைச் சண்டையில்லாமல் காத்த முறை என்று ஆய்வாளர்கள் மெச்சி எழுதியிருக்கிறார்கள். மெச்சத் தகுந்ததே. ஆனால் அந்த உரிமை குறிப்பிட்ட சாதியின், குறிப்பிட்ட கிராமங்களின் ஆண்களுக்கு. மீனவப் பெண்ணுக்கே அதில் பெயர் இல்லாதபோது இருளப் பெண்ணுக்கு ஏது? வலைக்கு உரிமை இல்லாதவர்களிடம் மிஞ்சியது கை. ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர்களின் படிவத்தைப் பார்த்தேன். மீன்பிடி உபகரணம் என்ற இடத்தில் விசைப்படகு, கட்டுமரம், வலை வகைகள் எல்லாம் இருந்தன. அக்காவைப் பார்த்து என்ன உபகரணம் என்று கேட்டார்கள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ‘ஏதுமில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த வேலையை நான் அழகாக்கிவிடக் கூடாது. நல்ல நாளில் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ. வியாபாரி சொல்லும் விலை. பறியைக் கடித்துக் கடித்து அக்காவின் முன்பற்கள் ஆடுகின்றன. தோல் வெந்து அரிப்பு. மாதவிலக்கு நாளிலும் அதே தண்ணீர், ஓதம் காத்திருக்காது. ஆசிரியர் பாதி சொல்லி நிறுத்திய காரணத்தை ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். “அந்த நாள்ல கடலு தீட்டாயிடும்னா, நாங்க இத்தினி வருசமா எறங்கி ஏரியே இல்லாம பூடணுமே” என்றார்.

அக்காவின் மகள் சேற்றில் இறங்கவில்லை. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. காலை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பகல் முறை ஒரு வாரம், இரவு முறை ஒரு வாரம். மாதச் சம்பளம் வருகிறது, ஆதார் அட்டைக்கு மதிப்பு இருக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அவள் அதை விட்டுவிட்டுப் பறியைக் கடிக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் மாறும்போது நாலைந்து வாரம் வேலை இருக்காது. அந்த வாரங்களில் வீட்டில் அடுப்பெரிவது அம்மாவின் இறாலில். மேடையில் இருந்தவர் சேற்றையும் சிப்காட்டையும் இரண்டில் ஒன்றாக வைத்தார். அந்த வீட்டில் இரண்டும் சேர்ந்துதான் ஒரு மாதம்.

நான் இப்போது ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். கள ஆய்வுக்குப் படகும் உண்டு, சேறும் உண்டு. யார் எதற்குப் போவது என்று சீட்டுப் போடுகிறோம். சேற்றுக்கு வருகிறவர்களுக்குப் பாதிநாள் அக்கா பாடம் எடுப்பார். அதற்கு வெளி வல்லுநருக்கான மதிப்பூதியத்தைக் கொடுக்க வைப்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. கல்வித் தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கோப்பு திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ‘அனுபவம்: 40 ஆண்டுகள்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் அக்கா போன் செய்தார். மழைத்தண்ணீர் இறங்கி முகத்துவாரம் அகலத் திறந்திருக்கிறதாம். வடக்குப் பக்கம் ஓரிடத்தில் தரை இன்னும் சுத்தமாக இருக்கிறது, பொடி இறால் வந்து இறங்கியிருக்கிறது, காக்கா ஆழி அங்கே வருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டி வந்து எண்ணிவிட்டுப் போ என்றார். அமாவாசைக்கு மறுநாள் தண்ணீர் நன்றாக வடியுமாம். அன்றைக்குக் கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வு. வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். சல்லடைகளைக் கழுவி வெயிலில் வைத்தாகிவிட்டது.